அமுக்குப் பூட்டு

பூட்டு உடைந்திருந்தால் காயில்காரர் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். உடைந்த பூட்டு என்றால் வெளியாள் வேலை. தெருவே கூடி உச்சுக்கொட்டும், ஆளுக்கொரு திருடனைக் கை காட்டும், நாலு நாளில் மறந்தும்விடும். அன்று காலை பட்டறைப் பூட்டு எப்போதும் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியும் எப்போதும் போலத் திரும்பியது. உள்ளே போய்ப் பார்த்தால், மேல்பலகையில் அடுக்கியிருந்த புதுச் செம்புக்கம்பி ரீல்களில் பாதியைக் காணோம். மறுபடி வெளியே வந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவர் இடுப்புக் கயிற்றில். இன்னொன்று அக்காவின் கழுத்தில், ஒரு கறுப்பு நூலில் கோத்துத் தொங்கியது.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டும் பட்டறை அது. பின்னால் வீடு, முன்னால் பட்டறை. பட்டறைக்கு வழி தெருப்பக்கத்து இரும்புக் கதவு ஒன்றுதான். அக்கா, கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வந்தவள் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மோட்டாருக்குள் கம்பி உட்காரும் காடிகளுக்கு அளவாகக் காகிதம் வெட்டி மடிப்பது, கம்பி வெளியே துருத்தாமல் மூங்கில் சக்கை செருகுவது, கடைசியில் நூலால் வரிந்து கட்டுவது எல்லாம் அவள் கைதான். அவள் வரிந்த கட்டுக்குள் ஊசி நுழையாது. தம்பி கம்பி சுற்றுவார், அக்கா கட்டுவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே ஒரு நாள் வேலை முடிந்துவிடும்.

வெயில் காலம் வேறு. கிணற்றில் தண்ணீர் கீழே போகப்போக பம்புகள் மூச்சு வாங்கி ஓடும், கரண்டு குறையும், மோட்டார் புகையும். ஊரெல்லாம் வெயிலைத் திட்டும்போது காயில்காரர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வெயிலால்தான். வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் காயும். தெருமுனையில் திரும்பும்போதே அந்த வாடை மூக்கில் ஏறும். அவர் கையில் வார்னிஷ் இல்லாத நாள் கிடையாது. ஈரமாக இருக்கும்போது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும். காய்ந்துவிட்டால் எதைப் போட்டாலும் போகாது. கல்யாண போட்டோவிலேயே அவர் நகக்கண் செம்பழுப்பாகத்தான் இருக்கும் என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு சாவியை எடுப்பது தொல்லை. அதனால் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் திறந்த பூட்டைக் கதவு வளையத்திலேயே வாய் திறந்தபடி மாட்டிவிடுவார்கள். பகலெல்லாம் அது அங்கேயே தொங்கும். சாயங்காலம் அக்கா கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, பூட்டை ஒரு அமுக்கு அமுக்குவாள். பூட்டிக்கொள்ளும். சாவியே வேண்டாம். தெருவில் பாதிக் கடை அப்படித்தான் பூட்டியது. இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

திருட்டுப் போன அன்று முதல் ஆளாக வந்து நின்றவர் பைப்புக்காரர். வீடுகளுக்குக் குழாய் மாட்டுகிறவர். ஊரில் கெட்டுப்போகும் பம்பில் பாதி அவர் மூலமாகத்தான் பட்டறைக்கு வரும். பம்போடு அவரும் வருவார், கதவோரத்துப் பெஞ்சில் உட்கார்வார், டீ குடிப்பார், எழுந்து போக மனமில்லாமல் போவார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து சலசலத்துக்கொண்டே இருக்கும். அவர் பூட்டைக் கையில் வாங்கி, நாடி பார்க்கிற டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

“உடைக்கல, நெம்பல. சாவி போட்டுத்தான் தெறந்திருக்கு. நான் யாரையும் சொல்லலண்ணே. சாவி யார் யார் கையில இருக்குன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க.”

காயில்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அக்காவைப் பற்றி வாய் இருக்கிறதென்று பேசாதே என்று சத்தம் போட்டார். பைப்புக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, நான் அப்படி நினைப்பேனா என்றார். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே காயில்காரர் அக்காவின் கழுத்தைப் பார்த்தார். அந்தக் கறுப்பு நூல் அவர் கண்ணில் பட்டது. இத்தனை வருஷமாகத் தொங்குகிற நூல், அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.

சாயங்காலம் பூட்டு வாங்கப் போனார். துணைக்குப் பைப்புக்காரரும் போனார். இரும்புக்கடை அடுத்த தெருவில். கடைக்காரருக்குப் பூட்டு விற்பதைவிடப் பூட்டைப் பற்றிப் பேசுவதில்தான் ருசி. காயில்காரர் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்த தடிப் பூட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

“எல்லாரும் எடையத்தான் பாக்கறாங்க. எடையா திருடனத் தடுக்கும்? வளையத்தப் பாருங்க. இது சாதா இரும்பு, ஆக்ஸா பிளேடு வெச்சு டீ ஆறுறதுக்குள்ள அறுத்துடலாம். இது சூடு காட்டி இறுக்கின ஸ்டீலு, பிளேடு வழுக்கும். அப்புறம் இந்தத் தோளப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஏறி வந்து வளையத்த மூடியிருக்கு. கட்டர் வாய் வைக்க எடமே இல்ல.”

இன்னும் சொன்னார். வளையத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பூட்டு சுத்தியலுக்கு நாலு தட்டில் வாயைப் பிளந்துவிடும். இது இரண்டு பக்கமும் பிடிக்கும். சாவி ஓட்டையில் டிரில் போட்டால் உள்ளே ஒரு தகடு இருக்கிறது, டிரில் மொட்டையாகிவிடும். பின்னால் ஒருத்தர் ஆணி கேட்டு நின்றுகொண்டிருந்தார், கடைக்காரர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்.

“அமுக்கினாப் பூட்டறது வேணுமா, சாவி போட்டுத் திருப்பினாத்தான் பூட்டறது வேணுமா? ரெண்டாவதுல ஒரு விசேஷம், பூட்டாம சாவிய வெளிய உருவ முடியாது. என் கடைக்கு அதத்தான் போட்டிருக்கேன்.”

பைப்புக்காரர் சிரித்தார். “அவரு கையப் பாருங்க. இந்தக் கைய வெச்சுக்கிட்டு தெனம் பொழுதுசாய சாவியத் தேடிக்கிட்டு நிக்கணுமா? அமுக்கறதே குடுங்க. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுங்க. அண்ணனே நம்பி வாங்கறப்ப நான் எதுக்குத் தனியா யோசிக்கணும்?”

காயில்காரருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அந்த மாடலில் கடையில் இருந்ததே இரண்டுதான். இரண்டும் அன்று போணியாகிவிட்டதில் கடைக்காரருக்கும் சந்தோஷம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா கழுத்து நூலிலிருந்து பழைய சாவியை அவிழ்த்து அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றாள். புதுச் சாவி வரும் என்று நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. தட்டிலிருந்த முட்டையை, ஜன்மத்தில் முட்டையே பார்க்காதவர் மாதிரி உற்றுப் பார்த்துச் சாப்பிட்டார். அக்கா நூலைச் சுருட்டி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவர் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பார்.

சாவியைப் பறித்தவர் பூட்டுகிற வேலையைப் பறிக்கவில்லை. அமுக்கத்தான் சாவி வேண்டாமே. தினமும் சாயங்காலம் அக்காதான் கதவைச் சாத்தினாள், கொண்டி போட்டாள், பூட்டை அமுக்கினாள். வெறுங்கழுத்தோடு வீட்டுக்குள் போனாள்.

கொஞ்ச நாளில் மறுபடியும் காலையில் பலகை காலியாக இருந்தது. இந்த முறை தடித்த கம்பி ரீல்கள். பூட்டில் ஒரு கீறல் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அக்கா மேலிருந்த சந்தேகம் அன்றே தீர்ந்திருக்க வேண்டும். சாவி இரண்டும் அவர் இடுப்பில்தானே இருந்தன. ஆனால் சந்தேகம் பிடித்த மனுஷனுக்கு நியாயம் எங்கே கண்ணுக்குத் தெரியும்? பைப்புக்காரர் வேறு பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்த கதை மாதிரி, சோப்புக்கட்டியில் சாவியை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், அச்சு எடுத்து வேறு சாவி பண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் காயில்காரர் சாவியை அவிழ்த்து மோந்து பார்த்தார். சோப்பு வாசம் அடித்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றாத சாவியில் சோப்பு வாசம் அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? அந்தப் புத்தி அவருக்குத் தோன்றவில்லை.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கம்பி சுற்றிக்கொண்டிருப்பார், திடீரென்று எழுந்து கதவுக்குப் போவார், தொங்குகிற பூட்டைப் பிடித்து இழுப்பார், ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்ப்பார், திரும்பி வருவார். வார்னிஷ் கையோடு பிடித்துப் பிடித்து, பூட்டின் தோளில் அவர் கட்டைவிரல் பெரிசாகப் பதிந்து காய்ந்துபோனது. அக்கா காகிதம் மடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி யாரைச் சந்தேகப்படுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

போன வாரம் அக்காவின் மகள் வந்துவிட்டுப் போனது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் அவள் பையை ஏற்றிவிட்டவர் அவரேதான். பை கனமாக இருந்ததே. அந்த ஜிப்பை அப்போதே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று கை பரபரத்தது. மறுநாள் அக்கா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அவள் பெட்டியைத் திறந்தார். இரண்டு புடவையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அவர் மனைவி வந்துவிட்டாள். அவளுக்கு நாத்தனாரோடு ஆயிரம் சண்டை உண்டு. அன்று அவள் நின்ற நிலை வேறு.

“யாரு பெட்டிய நோண்டறீங்கன்னு தெரியுதா? அந்தப் பையில இருந்தது நம்ம பசங்களுக்குச் சின்னதாப் போன துணி. நான்தான் மடிச்சு வெச்சேன். எனக்கும் ஒரு பெட்டி இருக்கு, அதையும் பாத்துடுங்க. கம்பி நான்கூட எடுத்திருப்பேன்.”

அவர் பெட்டியை மூடினார். வாசலில் அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கலைந்த புடவையை எடுத்து மறுபடி மடித்தாள். சாயங்காலமே மகளிடம் போனில் பேசினாள். கையில் இருக்கிற மோட்டார்களைக் கட்டி முடித்துவிட்டு வருகிறேன், அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாள். தம்பி காதில் விழட்டும் என்று சத்தமாகப் பேசவில்லை, விழக்கூடாது என்று மெதுவாகவும் பேசவில்லை. அவர் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தம்பியின் வாயிலிருந்து இரு என்று ஒரு சொல் வந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். அவர் கருகிய கம்பியை வெட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசி மோட்டாரை அக்கா வரிந்து முடித்த அன்று சாயங்காலம் தெருமுனை டீக்கடையில் நல்ல கூட்டம். புதுக் கம்பி அன்றுதான் வந்து பலகை நிறைந்திருந்தது. அக்கா நூல்கண்டைச் சுற்றி வைத்தாள், தரையைப் பெருக்கினாள், கதவைச் சாத்திக் கொண்டி போட்டுப் பூட்டை அமுக்கினாள். அமுக்கிய கையை எடுக்காமல் குனிந்து பார்த்தாள். நகத்தால் பூட்டின் தோளைச் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

“பூட்ட மறுபடியும் மாத்திட்டியா தம்பி? நான்தான் காலையில போறேனே. அதுவரைக்கும் பொறுத்திருக்கலாமே.”

“நான் எங்க மாத்தினேன்?”

“அப்ப உன் கட்டவெரல் எங்க? இந்தத் தோள்ல வார்னிஷோட ஒட்டிக்கிட்டிருந்துச்சே. காஞ்ச வார்னிஷ் எப்படிப் போகும்?”

அவர் குனிந்து பார்த்தார். பூட்டு பளபளவென்று இருந்தது. எங்கோ ஏதோ தப்பு என்பது மட்டும் உறைத்தது. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துப் பூட்டில் போட்டார். உள்ளே போனது, திரும்பவில்லை. இரண்டாவது சாவியும் திரும்பவில்லை. அந்த நேரத்தில் அவர் அக்காவின் பக்கம் திரும்பிக் கேட்ட கேள்வி டீக்கடை வரைக்கும் கேட்டது.

“சாவிய என்ன பண்ணின?”

அக்கா அழவில்லை. கதவை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். டீ டம்ளரோடு ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். காயில்காரர் ஆக்ஸா பிளேடை வாங்கி வளையத்தில் வைத்து வெறி பிடித்தவர் மாதிரி அறுத்தார். பிளேடு வழுக்கியது, பல்லெல்லாம் போய் மொட்டையானது, வளையத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. யாரோ கட்டர் கொண்டுவந்தார்கள். அதற்கு வாய் வைக்க இடமே கிடைக்கவில்லை. சுத்தியலால் அடித்ததில் கதவுதான் அதிர்ந்தது. சத்தம் கேட்டு இரும்புக்கடைக்காரரே வந்துவிட்டார். நிலைமை என்ன என்றுகூடக் கேட்காமல், நான் அன்றைக்கே சொன்னேனே, இதை அறுக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வாங்கிய மனுஷன் சொந்தப் பட்டறைக்கு வெளியே வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார்.

கூட்டத்துக்குள் பைப்புக்காரரும் இருந்தார். தோளில் வேலைப் பை, இடுப்பில் சாவிக்கொத்து. வெயில் சூட்டில் பூட்டு இறுகியிருக்கும், ராத்திரி குளிர்ந்தால் தானாகத் திறக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போங்கள் என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சொன்னால் சரி. அவர் மூன்று நான்கு தடவை சொன்னார்.

அக்கா கடைக்காரரிடம் கேட்டாள். “இதே மாதிரி பூட்டு வேற யாருக்குக் குடுத்தீங்க?”

“வந்ததே ரெண்டும்மா. ஒண்ணு உங்க தம்பி, ஒண்ணு பைப்புக்காரரு. அன்னிக்கே ரெண்டும் போயிடுச்சு.”

அவள் பைப்புக்காரரிடம் போய்க் கையை நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

“உங்க பூட்டுச் சாவியக் குடுங்க. இதுல போட்டுப் பாக்கலாம்.”

பைப்புக்காரர் சிரிக்கப் பார்த்தார். “ஒரு பூட்டுச் சாவி இன்னொரு பூட்டுக்கு எப்படிக்கா சேரும்?”

“சேராது, சேரவே சேராது” என்றார் கடைக்காரர், தன் சரக்கைப் பற்றி யாரோ குறை சொன்ன மாதிரி. “போட்டுத்தான் பாக்கட்டுமே.”

சாவி வீட்டில் இருக்கிறது என்றார் பைப்புக்காரர். சொல்லும்போதே அவர் கை இடுப்புக் கொத்தைப் பொத்திக்கொண்டது. அதுவரை அங்கே இத்தனை சாவி தொங்குவதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கை போன பிறகு எல்லாக் கண்ணும் அங்கே போனது. கடைக்காரர் கொத்தை இழுத்து, தலை பெரிதாக இருந்த ஒன்றைப் பிரித்து, இது நான் கொடுத்ததுதான் என்றார். பூட்டில் போட்டார். வெண்ணெய் மாதிரித் திரும்பியது.

பைப்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வேலைப் பையைத் தரையில் கொட்டினார்கள். ஸ்பேனர், குழாய்த் துண்டுகளுக்கு நடுவில் இன்னொரு பூட்டு உருண்டது. அதன் தோளில் செம்பழுப்பாக ஒரு கட்டைவிரல்.

சூட்சுமம் அவ்வளவுதான். பகலில் திறந்தபடி தொங்குகிற பூட்டை எடுத்துக்கொண்டு தன் பூட்டை மாட்டிவிடுவார். சாயங்காலம் அக்கா அவர் பூட்டைத்தான் அமுக்கிவிட்டுப் போவாள். ராத்திரி தன் சாவியால் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, போகும்போது பழையபடி இவர்கள் பூட்டை மாட்டி அமுக்கிவிட்டுப் போவார். பழைய பூட்டு மாதிரியே தெருவில் பாதிக் கடையில் தொங்குகிறது, அதற்கு ஜோடி கிடைப்பது கஷ்டமில்லை. புதுசுக்குத்தான் கூடவே போய் ஜோடி வாங்க வேண்டியிருந்தது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. அன்று ராத்திரி தெரு முழுக்க இதே பேச்சு.

விடிந்ததும் அவர் கடைக்குப் போய், சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டுகிற பூட்டை வாங்கிவந்தார். வேறு பூட்டை மாட்டினால் பூட்டும்போதே சாவி காட்டிக்கொடுத்துவிடும் என்று கடைக்காரர் விளக்கியதை அவர் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குள் வந்து, கட்டி வைத்த பையோடு உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் நின்றார். ஜன்னல் கட்டையிலிருந்த கறுப்பு நூலில் தானே சாவியைக் கோத்திருந்தார். அதை அவள் கையில் வைத்து, போகாதே அக்கா என்றார். தப்புப் பண்ணிவிட்டேன் என்றும் சொன்னார். கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பில்லை.

அக்கா சாவியைப் பார்த்தாள்.

“நாளைக்கு இன்னொரு ரீல் காணாமப் போகுதுன்னு வெச்சுக்க. மொதல்ல யாரப் பாப்ப?”

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி. அவர் வாயைத் திறந்தார். வெளியே யாரோ பம்பு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முடிந்த பிறகும் அவருக்குச் சொல் வரவில்லை.

“இது உன்கிட்டயே இருக்கட்டும்” என்று அக்கா நூலோடு சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் போகவில்லை. பையைத் தம்பி மனைவி பிடுங்கிக் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டாள். வாசலில் மோட்டார்களும் வந்து குவிந்துவிட்டன. இப்போதும் அவள்தான் காகிதம் மடிக்கிறாள், சக்கை செருகுகிறாள், ஊசி நுழையாமல் வரிகிறாள். சாயங்காலம் பெருக்கி முடித்துக் கதவைச் சாத்துகிறாள், கொண்டியைப் போட்டுப் பூட்டை மாட்டுகிறாள். பிறகு, “தம்பி, வந்து பூட்டு” என்று கூப்பிடுகிறாள். அவர் பாதி வேலையில் எழுந்து, மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வந்து சாவியைப் போடுகிறார். அவர் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளும்வரை, அக்கா தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள்.